பிரீசெட் ஸ்க்ரோல் பண்ணியே நேரம் போகுதா? ஒரு சத்தத்தை அடியிலிருந்து செய்யக் கற்பது எப்படி?

லேப்டாப்பில் பாட்டு போடும் யாரிடமும் கேட்டுப் பாருங்கள். புதிதாக ஒரு சிந்தசைசர் பிளகினை இன்ஸ்டால் செய்ததும் முதலில் திறப்பது பிரீசெட் பட்டியலைத்தான். பாஸ், லீட், பேட், பிளக் என்று நூற்றுக்கணக்கில் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றாக அமுக்கிக் கேட்டுக்கொண்டே போனால், 40-வதைத் தாண்டும்போது மனசில் இருந்த மெட்டு காணாமல் போயிருக்கும். கடைசியில் கிடைத்த சத்தத்துக்குத் தக்கபடி மெட்டை மாற்றிக்கொண்டு படுக்கப் போவோம்.

இது குற்றமில்லை. நாளைக் காலைக்குள் ஒரு விளம்பர ஜிங்கிள் கொடுக்கணும் என்றால் பிரீசெட்தான் சரியான வழி. பிரச்சினை வேறு. பிரீசெட் என்பது வேறொருவர், வேறொரு இசையை மனசில் வைத்துச் செய்த சத்தம். பெரும்பாலும் அது கீபோர்டின் 12 கட்டைகளில் அசையாமல் நிற்கும் ஸ்வரங்களுக்காகச் செய்யப்பட்டது. அதில் ஒரு தோடியை வாசித்துப் பாருங்கள், சிக்கல் உடனே காதில் விழும். கருவிக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாவிட்டால், கருவி விடுகிற இசையைத்தான் நாம் செய்ய முடியும்.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது? அதைக் கற்க எங்கே தொடங்குவது? செலவு எவ்வளவு? கடைசிக் கேள்விக்கு இப்போதே பதில்: லேப்டாப்பும் ஒரு சுமாரான ஹெட்போனும் இருந்தால், கிட்டத்தட்ட பூஜ்யம்.

சுமார் 2 லட்சம் விற்றது, திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்?

பிரீசெட் கதை பிளகின் காலத்தில் தொடங்கியதல்ல. 1967-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் என்ற இசையமைப்பாளர் கம்ப்யூட்டரில் ஒரு சாதாரண சைன் அலையை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாடகர் குரலில் வரும் அதிர்வு மாதிரி, ஒலியின் சுருதியைக் கொஞ்சம் மேலும் கீழும் அசைப்பது. விப்ராட்டோ என்பார்கள். நொடிக்கு ஐந்தாறு முறை ஆட்டினால் குரல் நடுங்குவது போலக் கேட்கும். அவர் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார். நொடிக்கு 20, 50, 100 முறை. ஒரு கட்டத்துக்கு மேல் ஆட்டம் ஆட்டமாகக் கேட்கவில்லை. அதற்குப் பதில் முற்றிலும் புதிய நிறம் கொண்ட ஒரு ஒலி வந்தது.

இதுதான் எஃப்.எம். சிந்தசிஸ். ரேடியோவில் வரும் அதே எஃப்.எம். தான், ஃப்ரீக்வென்சி மாடுலேஷன். 400 ஹெர்ட்ஸ் அலையை 100 ஹெர்ட்ஸ் வேகத்தில் ஆட்டினால், 400-க்கு இரு பக்கமும் 300, 500, 200, 600 என்று புதிய அலைகள் முளைக்கும். எவ்வளவு பலமாக ஆட்டுகிறோமோ அவ்வளவு தூரம் பக்க அலைகள் பரவும், ஒலி பளபளப்பாகும். இரண்டு அலைகளுக்கும் உள்ள விகிதம் முழு எண்ணாக இருந்தால் ஒலி சுருதியோடு நிற்கும். 1-க்கு 1.4 மாதிரி உடைந்த எண்ணாக இருந்தால் கோயில் மணி, வெண்கலத் தட்டு மாதிரி கணீரென்று சிதறும். இரண்டே அலைகளை வைத்து இவ்வளவும்!

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ட்ரம்பெட்டை பலமாக ஊத ஊத சத்தம் மட்டும் கூடுவதில்லை, மேல் ஸ்தாயி ஒலிக்கூறுகளும் கூடுகின்றன என்பதை பெல் லேப்ஸில் ழான்-குளோட் ரிஸே அலசிக் காட்டியிருந்தார். சௌனிங் அதை எஃப்.எம்.-இல் பொருத்தினார். ஆட்டும் பலத்தை நேரத்தோடு சேர்த்து ஏற்றி இறக்கினால் பித்தளை வாத்தியம் உயிரோடு வந்து நின்றது. இதையெல்லாம் அவர் 1973-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்.

அமெரிக்க ஆர்கன் கம்பெனிகள் இதில் ஆர்வம் காட்டவில்லை. ஜப்பானின் யமஹா வாங்கியது. இதற்கிடையில் ஸ்டான்ஃபோர்டு அவருக்கு நிரந்தரப் பணி கொடுக்காமல் அனுப்பிவிட்டு, பிறகு திரும்ப அழைத்துக்கொண்டது தனிக் கூத்து. அந்தக் காப்புரிமையால் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தது 2 கோடி டாலருக்கும் மேல்.

1983-இல் யமஹா டிஎக்ஸ்7 கடைக்கு வந்தது. ஆறு ஆபரேட்டர்கள், அவற்றை இணைக்க 32 வழிகள், ஒரே நேரத்தில் 16 ஸ்வரங்கள். சுமார் 2 லட்சம் கீபோர்டுகள் விற்றன. ஆனால் முன்பிருந்த சிந்தசைசர்கள் மாதிரி ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நாப் இல்லை. தட்டையான பட்டன்கள், சின்னத் திரை, மதிப்பை மாற்ற ஒரே ஒரு ஸ்லைடர். ஒரு எண்ணை மாற்றினால் என்ன ஆகும் என்று ஊகிக்கவே முடியாது. சர்வீஸுக்கு வந்த டிஎக்ஸ்7-களில் பெரும்பாலானவற்றில் கம்பெனி போட்டுக் கொடுத்த சத்தங்கள் மாறாமல் அப்படியே இருந்தன என்று ஒரு கதை இன்றும் சொல்வார்கள். கதை எப்படியோ, பாட்டுகளே சாட்சி. அதன் எலக்ட்ரிக் பியானோ பிரீசெட் 80-களின் மேற்கத்திய காதல் பாடல்கள் முழுக்க ஒலிக்கிறது. பிரையன் ஈனோ மாதிரி உட்கார்ந்து புரோகிராம் செய்யக் கற்றவர்கள் சிலரே. அவர்களுடைய டிஎக்ஸ்7 வேறு கருவி போலக் கேட்டது.

முதல் பாடம்: அ, இ, உ

எஃப்.எம்.-இல் நேராகக் குதிக்க வேண்டாம். அடிப்படை சப்ட்ராக்டிவ் சிந்தசிஸ். நிறைய ஒலிக்கூறுகள் உள்ள ஒரு அலையை எடுத்து, வேண்டாததை வெட்டிவிடுவது. 1960-களில் ராபர்ட் மூக் செய்த சிந்தசைசர்களிலிருந்து இன்றைய பிளகின்கள் வரை பெரும்பாலானவை இந்த வழிதான்.

இதைப் புரிந்துகொள்ள சாஃப்ட்வேர்கூட வேண்டாம். ஒரே சுருதியில் நிறுத்தாமல் 'அ... இ... உ...' என்று சொல்லிப் பாருங்கள். தொண்டையில் உண்டாகும் அதிர்வு மாறவில்லை. மாறியது நாக்கும் உதடும் வாயின் வடிவமும்தான். தொண்டை ஆசிலேட்டர், வாய் ஃபில்டர். சிந்தசைசரில் ரம்பப்பல் வடிவ அலையில் எல்லா ஹார்மோனிக்ஸும் இருக்கும். சதுர அலையில் ஒற்றைப்படை ஹார்மோனிக்ஸ் மட்டும் இருக்கும், அதனால்தான் கிளாரினெட் மாதிரி உள்ளீடற்று ஒலிக்கிறது. லோ-பாஸ் ஃபில்டரின் கட்ஆஃபை மெல்லத் திறந்தால் வாயைத் திறப்பது போலவே கேட்கும்.

அடுத்து என்வலப். வீணைத் தந்தியை மீட்டினால் ஒலி பட்டென எழுந்து மெல்ல அடங்கும். நாதஸ்வரத்தில் மூச்சு இருக்கும் வரை நிற்கும். இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் அட்டாக், டிகே, சஸ்டெய்ன், ரிலீஸ் என்று நான்கு நாப்களாகப் பிரித்திருக்கிறார்கள். சும்மா நினைத்துவிடாதீர்கள், பெரும்பாலான நேரம் ஒரு வாத்தியத்தை நம் காது அடையாளம் காண்பதே அதன் தொடக்கத்தை வைத்துத்தான். ஒரு பியானோ ரெக்கார்டிங்கில் ஒவ்வொரு ஸ்வரத்தின் முதல் துளியை வெட்டிவிட்டுப் போட்டுக் காட்டினால், இது என்ன வாத்தியம் என்று சொல்லப் பலரும் தடுமாறுவார்கள்.

கற்கும் முறை இப்படி வைத்துக்கொள்ளலாம். பிளகின் மெனுவில் 'இனிட் பேட்ச்' என்று ஒன்று இருக்கும். எல்லாம் காலியான நிலை. அதைத் திறந்து, உங்களுக்குப் பிடித்த பாட்டில் வரும் ஒரே ஒரு சத்தத்தைக் காதால் கேட்டு மறுபடி செய்ய முயலுங்கள். முதல் வாரம் பாஸ் மட்டும். 70 சதவீதம் ஒத்துப்போனாலே போதும். ஏன் ஒத்துப்போகவில்லை என்று தேடுகிற அந்த மீதி 30-இல்தான் நிஜமான பாடம் இருக்கிறது. இருபது பிளகின் வைத்திருப்பவரைவிட ஒரே பிளகினில் இருபது சத்தம் செய்தவர் வேகமாக வளர்கிறார் என்பது என் கட்சி.

இலவசமா? ஆமாம். வைட்டல் என்ற வேவ்டேபிள் சிந்தசைசரை மேட் டைட்டெல் 2020-இல் வெளியிட்டார், அதற்கு இலவசப் பதிப்பு உண்டு. நாம் செய்வது அலையில் என்ன மாற்றம் உண்டாக்குகிறது என்பதைத் திரையில் அசைந்து காட்டுவதால் தொடக்கக்காரர்களுக்கு அதைத்தான் முதலில் சொல்வேன். சர்ஜ் எக்ஸ்டி முழுக்க ஓப்பன் சோர்ஸ், ஆழமானது. டெக்ஸ்ட் என்பதும் ஓப்பன் சோர்ஸ். அது டிஎக்ஸ்7-ஐயே லேப்டாப்புக்குள் கொண்டுவருகிறது, அந்தக் காலப் பேட்ச் ஃபைல்களையும் திறக்கும்.

காலித் தந்தி, கருப்பு வட்டம்

அட்வான்ஸ்டு என்றால் சிக்கலானது என்று நினைக்கிறோம். அதிலும் அழகான ஒன்று குழந்தை விளையாட்டு மாதிரி எளிது. ஸ்டான்ஃபோர்டில் கெவின் கார்ப்ளஸ், அலெக்சாண்டர் ஸ்ட்ராங் இருவரும் 1983-இல் வெளியிட்ட முறை. 'உஷ்' என்ற இரைச்சலில் ஒரு துளி எடுத்து, மிகச் சிறிய டிலே ஒன்றில் போட்டுச் சுற்றவிடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் கூர்மையைக் கொஞ்சம் மழுக்குங்கள். அவ்வளவுதான், மீட்டிய தந்தியின் ஒலி வந்துவிடும்! நொடிக்கு 44,100 சாம்பிள் ஓடும் இடத்தில் டிலேயின் நீளம் 100 சாம்பிள் என்றால், சுருதி சுமார் 441 ஹெர்ட்ஸ். நீளத்தைக் குறைத்தால் சுருதி ஏறும், தந்தியை விரலால் அழுத்திச் சுருக்குவது போலவே. இதை வளர்த்தெடுத்ததுதான் பிசிக்கல் மாடலிங், வாத்தியத்தின் ஒலியைப் பதிவு செய்யாமல் அதன் இயற்பியலையே கணக்காக ஓடவிடும் முறை.

இந்தக் கணக்கில் நம் வாத்தியங்களுக்கு ஒரு பெருமை உண்டு. சாதாரண டிரம் தோலைத் தட்டினால் அதன் ஒலிக்கூறுகள் 1, 1.59, 2.14 என்று உடைந்த விகிதத்தில் போகும். அதனால் தெளிவான சுருதி கேட்காது. மிருதங்கத்தின் வலந்தலையில் உள்ள கருப்பு வட்டம் அந்த விகிதங்களை முழு எண்களுக்கு அருகே இழுத்துவிடுகிறது. இதை 1920-இல் எழுதியவர் சி.வி.ராமன். தம்புராவில் பிரிட்ஜுக்கும் தந்திக்கும் நடுவே ஒரு நூலைச் செருகினால் ஒலி ஏன் ரீங்கரிக்கிறது என்பதையும் அடுத்த ஆண்டே எழுதினார். மேலே எஃப்.எம்.-இல் பார்த்த முழு எண், உடைந்த எண் விஷயமேதான் இங்கேயும். மிருதங்கம் செய்பவர் பசையை இழைத்து இழைத்துச் செய்வதை நீங்கள் நாப் திருகிச் செய்கிறீர்கள்.

கமகம் எங்கே தொலைகிறது?

இப்போது தோடிக்கு வருவோம். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கும் ஸ்வரமே அல்ல, கீழும் மேலும் அசைந்து அசைந்துதான் அது காந்தாரம். பலர் செய்வது என்ன? சிந்தசைசரில் எல்எஃப்ஓ-வைச் சுருதியில் இணைத்து ஆட்டுவது. ஆட்டம் வரும், கமகம் வராது. எல்எஃப்ஓ கடிகாரம் மாதிரி ஒரே சீராக அசையும். பாடகர் ஒரு ஓரத்தில் கொஞ்சம் தங்குவார், சட்டென்று இறங்குவார், அடுத்த அசைவை வேறு அகலத்தில் எடுப்பார்.

வழி இருக்கிறது. கீபோர்டும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் மொழியான மிடி, டிஎக்ஸ்7 வந்த அதே 1983-இல் வந்தது. அதில் பெரும்பாலான விஷயங்கள் 0 முதல் 127 வரை 128 படிகள்தான். ஆனால் பிட்ச் பெண்டுக்கு மட்டும் 16,384 படிகள் உண்டு. பெரும்பாலான சிந்தசைசர்களில் அது மேலே 2 செமிடோன், கீழே 2 செமிடோன் என்று செட் ஆகியிருக்கும். அதை 12 ஆக மாற்றுங்கள். அப்போதும் ஒரு செமிடோனுக்குள் 680-க்கும் மேல் படிகள் இருக்கும், காதுக்குத் தாராளம்.

பிறகு சோனிக் விஷுவலைசர் என்ற இலவச மென்பொருளில் நல்ல பாடகர் ஒருவரின் ஆலாபனையைப் போட்டு, சுருதியின் கோடு எப்படிப் போகிறது என்று பாருங்கள். அந்தக் கோட்டைப் பார்த்துப் பிட்ச் பெண்டை மவுஸால் வரையுங்கள். முதல் நாள் கேலியாக இருக்கும். நான்கைந்து முறை செய்த பிறகு, கோடு இல்லாமலே வீலை எப்போது நிறுத்தணும் என்று கைக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

இன்னொரு சிக்கல். சாதாரண மிடியில் பிட்ச் பெண்ட் ஒரு சேனலில் உள்ள எல்லா ஸ்வரங்களையும் சேர்த்தே வளைக்கும். கீழே ஸா-வைப் பிடித்துக்கொண்டு மேலே மெட்டை வளைத்தால் ஸா-வும் சேர்ந்து ஆடிவிடும். சுருதியே போச்சு! இதற்காகத்தான் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனிச் சேனல் கொடுக்கும் எம்.பி.இ. முறை 2018-இல் அதிகாரப்பூர்வமானது. வைட்டல், சர்ஜ் இரண்டிலும் அது உண்டு. எம்.பி.இ. கீபோர்டு வாங்கக் காசில்லையா, டிரோனைத் தனி டிராக்கில் வைத்துவிடுங்கள். பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

பம்பாயில் சினிமாவுக்கு வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங்குக்கு இந்த வசதி எதுவும் இல்லை. 1982-இல் அவர் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் ஒரு ஆல்பமாகப் போட்டார். ரோலண்ட் ஜூபிட்டர்-8 சிந்தசைசர், டிஆர்-808 டிரம் மெஷின், டிபி-303. இந்த 303, பாஸ் கிட்டார் வாசிப்பவர் இல்லாத இடத்தை நிரப்பச் செய்த பெட்டி. அதில் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும் ஸ்லைடு வசதி இருந்தது. ராகத்துக்கு அவருக்கு அது ஒத்துப்போனது. ஆல்பம் விற்கவில்லை. ஐந்து வருடம் கழித்து சிகாகோ இளைஞர்கள் அதே 303-ஐ முறுக்கி ஆசிட் ஹவுஸ் என்ற புது வகையையே தொடங்கினார்கள். 2010-இல் சரண்ஜித் சிங்கின் ரெக்கார்டு மறுபடி வெளியானபோது, இது எப்படி அதற்கு முன்பே வந்தது என்று உலகம் வியந்தது.

மிக்ஸிங்: எல்லாரும் கேட்பது போனில்தான்

சத்தம் செய்தாயிற்று, இனி அது கேட்கணும். நீங்கள் ஹெட்போனில் 50 ஹெர்ட்ஸில் அதிரவிட்ட பாஸ், நண்பரின் போன் ஸ்பீக்கரில் வரவே வராது. அவ்வளவு சின்ன ஸ்பீக்கரால் அந்த அளவுக்குக் காற்றைத் தள்ள முடியாது. அதற்காக பாஸின் வால்யூமை ஏற்றினால் மற்றதெல்லாம் மூழ்கும். சரியான வழி, பாஸில் கொஞ்சம் சாச்சுரேஷன் சேர்ப்பது. அது 100, 150, 200 என்று மேலே ஹார்மோனிக்ஸை உண்டாக்கும். 300, 350, 400 ஹெர்ட்ஸ் மட்டும் காதில் விழுந்தால்கூட, இவை 50-இன் மடங்குகள் என்று மூளை கணக்குப் போட்டு, இல்லாத 50-ஐ இருப்பதாகக் கேட்கும். மிக்ஸிங்கில் எனக்குப் பிடித்த ஏமாற்று வேலை இதுதான்.

மாஸ்டரிங்கில் எவ்வளவு சத்தம் வைப்பது? ஸ்பாட்டிஃபை சாதாரண செட்டிங்கில் பாடல்களை மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடுகிறது. நீங்கள் லிமிட்டரால் நசுக்கி மைனஸ் 8-இல் கொடுத்தால், அது 6 டெசிபல் இறக்கிவிடும். நசுங்கியது மட்டும் மிச்சம். சில வகை இசைக்கு அந்த நசுங்கிய தன்மையே வேண்டும், அது வேறு. பக்கத்துப் பாட்டைவிடச் சத்தமாகக் கேட்கணும் என்பதற்காகச் செய்யாதீர்கள்.

இதோடு ஒட்டியது ஒரு பழக்கம். ஈக்யூ, கம்ப்ரஸர் எதைப் போட்டாலும், போட்ட பிறகு உள்ள அளவையும் போடாத அளவையும் ஒரே வால்யூமுக்குக் கொண்டுவந்துதான் ஒப்பிடணும். சத்தம் கூடினால் நம் காதுக்கு அடியும் மேலும் நிறைவாகக் கேட்கும் என்று ஃபிளெட்சர், மன்சன் இருவரும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். பிளகின் போட்டதும் 'அடடா' என்று தோன்றுவதில் பாதி, ஒரு டெசிபல் கூடியதுதான். இந்த ஒரு பழக்கம் வந்தால் பிளகின் வாங்கும் செலவு தானாகக் குறையும்.

கோர்ஸ் சேரணுமா?

சேரலாம். ஏ.ஆர்.ரஹ்மான் 2008-இல் சென்னையில் தொடங்கிய கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி மாதிரி இடங்களில் இசைத் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்கிறார்கள். நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கரில் கேட்கவும், உங்கள் மிக்ஸை ஒருவர் முகத்துக்கு நேரே குறை சொல்லவும் அங்கே வாய்ப்பு உண்டு. இது வீட்டில் கிடைக்காது. ஆனால் 'ஏழு நாளில் மியூசிக் புரொடியூசர்' என்று ஃபீடில் வரும் விளம்பரங்களில், கடைசியில் கையில் கொடுப்பது பெரும்பாலும் இன்னொரு பிரீசெட் பேக்தான். சேரும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: காலிப் பேட்ச்சிலிருந்து சத்தம் செய்து காட்டுவீர்களா?

ஏ.ஐ. முழுப் பாட்டையே கொடுக்கும்போது இதெல்லாம் எதற்கு என்றும் கேட்கிறார்கள். ஏ.ஐ. பாட்டைக் கொடுக்கும். டைரக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த மணிச் சத்தத்தில் கடைசியில் வரும் உரசலை மட்டும் எடுத்துடுங்க" என்று சொல்லும்போது எந்த நாப்பைத் தொடணும் என்று தெரிந்தவருக்குத்தான் அந்த அறையில் வேலை.

இன்றிரவே செய்து பார்க்க ஒன்று. டெக்ஸ்டை இறக்கி, டிஎக்ஸ்7-இன் அந்தப் பிரபலமான எலக்ட்ரிக் பியானோ பேட்ச்சைத் திறங்கள். ஆறு ஆபரேட்டர்களும் மூன்று ஜோடிகளாக நிற்பது திரையில் தெரியும். ஒரு ஸ்வரத்தை விட்டு விட்டு வாசித்துக்கொண்டே இரண்டாம் ஆபரேட்டரை மட்டும் அணையுங்கள். தட்டும்போது வரும் அந்த 'டிங்' போய்விடும், மொத்தையான உடம்பு மட்டும் மிஞ்சும். திரும்பப் போட்டு அதன் விகிதத்தைப் பாருங்கள், 14 என்றிருக்கும். அதை 13 ஆக்குங்கள், 9 ஆக்குங்கள், 3.5 ஆக்குங்கள். ஒவ்வொன்றையும் கேட்டு, பிடித்ததை உங்கள் பெயரில் சேவ் பண்ணிக்கொள்ளுங்கள்.